எழுதக் கஷ்டம், அனுப்ப லேசு



நம்மூர் வட்ஸ்அப் குழுக்களைப் பற்றி எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்கிறோம். குழுவில் இருநூறு முன்னூறு பேர் இருக்கிறோம். பள்ளிவாசல் நிர்வாகமோ பாடசாலையோ ஒரு விஷயத்தில் கருத்துக் கேட்டால் பதில் எழுதுவது நாலு பேர். எங்கிருந்தோ வந்த செய்தி என்றால் மட்டும் சுபஹிலிருந்து இஷா வரை ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். "நம்மட ஆக்கள் இப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் ஆட்களை மட்டும் குறை சொல்ல மனம் வராது. எழுதும் கருவி எதை லேசாக்கிக் கொடுத்ததோ அதையே மக்கள் செய்திருக்கிறார்கள். எதைக் கஷ்டமாக்கியதோ அதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

இதற்கு மாத்தளையில் இருக்கும் நாம் தூரம் போகத் தேவையில்லை. டவுனிலிருந்து தம்புள்ளைப் பக்கமாகச் சிறிது தூரம் போனால் அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், திரிபீடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் அது என்று பௌத்த மரபு சொல்கிறது. அதுவரை மனனம்தான். நம் ஹாபிழ்களைப் போல நெஞ்சில் சுமந்தவர்கள் பஞ்சத்திலும் போரிலும் குறைந்துபோக, எழுதியே ஆக வேண்டிய நிலை வந்தது.

ஓலை லேசான கருவி அல்ல. எழுத்தாணியால் கீற வேண்டும். தமிழில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். 'க' வா 'க்' கா என்பதை வாசிக்கிறவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். எகரத்தையும் ஏகாரத்தையும் கண்ணால் பிரித்தறிய 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் ஓலைக்கு ஒரு குணம் இருந்தது. ஒன்றைப் பிரதி பண்ணுவதற்கு, முதலில் எழுதியவர் பட்ட அதே பாட்டைப் பட வேண்டும். ஆகவே அதை அடுத்தவருக்குக் கொடுத்தவர், உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒவ்வொரு எழுத்தாக அறிந்தே கொடுத்தார். பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

அடுத்தது நம் மூத்தவர்களின் அரபுத்தமிழ். வீட்டில் பேசியது தமிழ். ஆனால் ஆணோ பெண்ணோ, சிறு வயதில் குர்ஆன் மத்ரஸாவில் படித்த எழுத்து அரபு. தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவர்கள் குறைவு, பெண்களில் அதைவிடக் குறைவு. எனவே அரபு எழுத்திலேயே தமிழை எழுதினார்கள். ட, ண, ள போன்ற அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புது எழுத்து உண்டாக்கினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'பத்ஹுத் தய்யான்' போன்ற கிதாபுகளிலிருந்து நம் உம்மம்மாமார் தொழுகையின் சட்டங்களை வாசித்து அறிந்தது அப்படித்தான். இன்று பிள்ளைகள் இங்கிலிஷ் எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள் என்று முகம் சுளிக்கும்போது இதையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். கைக்குத் தெரிந்த எழுத்தில்தான் மனிதன் எழுதுவான்.

பக்கத்துக் கண்டியில் மு.கா. சித்தி லெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' தொடங்கியபோது அச்சுக்கூடம் இருந்தது, தபால் இருந்தது, மாத்தளைக்கு ரயிலும் 1880இலேயே வந்துவிட்டது. சமூகத்தின் விஷயங்கள் அச்சிலேறி ஊர் ஊராகப் போகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

பிறகு தட்டச்சு. தமிழின் 247 எழுத்தை ஐம்பதுக்கும் குறைந்த விசைகளுக்குள் அடக்குவது எப்படி என்ற கேள்விக்கு விடை கண்டவர் நம் நாட்டவர். யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து சிங்கப்பூர் பக்கம் போன முத்தையா. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை வைக்காமல், அரவு, கொம்பு, விசிறி என்று துண்டு துண்டாகப் பிரித்தார். புள்ளி விழும்போது வண்டி நகராமல் நிற்க நகரா விசை வைத்தார். அந்த இயந்திரங்கள் ஜேர்மனியில் செய்யப்பட்டன. இங்கே கச்சேரிகளிலும் சட்டத்தரணிமார் கந்தோர்களிலும் விரல்கள் பழகிய தமிழ்த் தட்டச்சு இந்த வழியில் வந்ததுதான்.

கொம்பியூட்டர் வந்தபோது அந்த விரல்களுக்குப் பாமினி எழுத்துரு வசதியாக இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற ஒழுங்கிலேயே அடிக்கலாம். 'கொ' வேண்டுமானால் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. ஆனால் உள்ளே பெரிய கோளாறு. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கொம்பியூட்டர் நினைவில் வைப்பது தமிழை அல்ல, ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத இயந்திரத்தில் திறந்தால் அந்த இங்கிலிஷ் குப்பைதான் தெரியும். பரீட்சை வினாத்தாளை டிஸ்கெட்டில் கொண்டுபோய் அச்சிடக் கொடுத்து, பக்கம் முழுக்க ஜேயும் கேயுமாக வந்த கதை எங்களில் எத்தனை ஆசிரியர்களிடம் இருக்கிறது! இன்னொன்று: ஒரே எழுத்துருவில் தமிழும் சிங்களமும் அரபும் எழுத வழியில்லை. மூன்று நான்கு எழுத்துகளோடு வாழும் மாத்தளை முஸ்லிமுக்கு இது சிறிய கஷ்டம் அல்ல.

யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. ஆனாலும் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரண ஆளின் மேசைக்கு அது வரவில்லை. இலங்கையின் தமிழ்த் தரம் எஸ்எல்எஸ் 1326, 2008இல் வந்தது. அதில் நம் தட்டச்சாளர்களின் விரல்களுக்குப் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையையே எடுத்தார்கள். புத்திசாலித்தனமான முடிவு. எத்தனையோ நல்ல திட்டங்கள் மக்களின் கைப்பழக்கத்தை மதிக்காததால் தூங்கிப்போயின.

அதற்குள் கைத்தொலைபேசி முந்திவிட்டது. எஸ்எம்எஸ் கணக்கை யோசித்துப் பாருங்கள். இங்கிலிஷ் எழுத்து என்றால் ஒரு செய்தியில் 160 இடம். தமிழோ சிங்களமோ என்றால் 70 தான். அதிலும் 'தமிழ்' என்ற சொல்லுக்கே த, ம, விசிறி, ழ, புள்ளி என ஐந்து இடம் போய்விடும். தமிழில் எழுதினால் பாதி விஷயத்துக்கு முழுக்காசு. பல போன்களில் தமிழ் வெறும் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தது. ஒரு தலைமுறையே தமிழை இங்கிலிஷ் எழுத்தில் அடிக்கப் பழகியது பெருமைக்காக அல்ல.

இந்த நிலையில்தான் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நம் எல்லோர் கையிலும் வந்து விழுந்தன. சொந்தமாக இரண்டு வரி எழுத எழுத்தைத் தேடித் தேடிக் குத்த வேண்டும். அடுத்தவர் எழுதிய இரண்டு பக்கத்தை அனுப்ப ஒரு தட்டு. ஓலைக்காலத்தில் எழுதும் பாடும் பிரதி பண்ணும் பாடும் ஒன்றாக இருந்தது. இப்போது எழுதுவது பழையபடி கஷ்டம், பிரதி பண்ணுவது ஒன்றுமே இல்லை. வாசிக்காமலேயே அனுப்பலாம், அனுப்புகிறோம்.

இதன் விலையை நாம் அறிவோம். 2018 மார்ச்சில் திகனையில் தொடங்கிய தீ, நமக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் நடுவிலிருக்கும் அக்குறணைவரை வந்தது. மார்ச் 6 அவசரகாலச் சட்டம். மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் நிறுத்தப்பட்டன. அதற்கு முன்பே வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் பலர் முறைப்பாடு கொடுத்துப் பார்த்தார்கள். முறைப்பாடு கொடுக்கும் பொத்தான் எல்லோருடைய திரையிலும் இருந்தது, அழுத்துவதும் சுலபம். ஆனால் மறுபக்கத்தில் சிங்களம் வாசித்துப் புரிந்துகொள்ளப் போதிய ஆட்கள் இல்லை. விதிமீறல் இல்லை என்று பதில் வந்த முறைப்பாடுகளைச் சுட்டிக்காட்டி இந்நாட்டின் சிவில் அமைப்புகள் அந்த ஏப்ரலில் மார்க் சக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. பேஸ்புக் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். எரிந்த கடைகளைப் பலர் திருத்திக் கட்டி முடித்த பிறகு.

திரையின் அமைப்பை மாற்றினால் நடத்தையும் மாறும் என்பதற்கும் ஓர் ஆதாரம் உண்டு. வட்ஸ்அப் 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகம் முழுவதும் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு தடவைக்கு ஒன்றுக்கு மட்டும் என்றது. அதற்குப் பிறகு அப்படிப்பட்ட செய்திகளின் ஓட்டம் 70 வீதம் குறைந்ததாக அந்நிறுவனம் சொன்னது. யாரும் பயான் பண்ணவில்லை, யாரும் திருந்தவில்லை. அனுப்புவதைக் கொஞ்சம் கஷ்டமாக்கினார்கள், அவ்வளவுதான்.

மறுபாதியை, அதாவது எழுதுவதை லேசாக்கும் வேலையை, கம்பனிகள் நம் ஊருக்கு வந்து செய்து தரப்போவதில்லை. இப்போது மூத்தவர்களும் வீட்டுப் பெண்களும் குரல் பதிவுதான் அனுப்புகிறார்கள். பேச்சில் மனம் தெரியும், நல்லதுதான். ஆனால் மையவாடிச் சுவர் விஷயத்தில் போன மாதம் யார் என்ன சொன்னார் என்று தேடினால் நாற்பது குரல் பதிவுகளையும் முதலிலிருந்து கேட்க வேண்டும். முடிவு எடுப்பவர்களும் கேட்பதில்லை. எழுதியவர்களின் கருத்து மட்டும் கணக்கில் வருகிறது, எழுத முடியாதவர்களின் கருத்து காற்றில் போகிறது.

நாம் சொல்ல வந்தது இதற்குத்தான். இன்றைய போன்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, திறந்துவிட்டால் போதும். மைக் அடையாளத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதித் தரும் வசதியும் பலவற்றில் உண்டு. நம்மூர் உச்சரிப்பில் சில சொற்களைத் தவறாக எழுதும், திருத்திக்கொள்ளலாம். பாமினியில் பழகியவர்களுக்கு அதே ஒழுங்கில் யுனிகோட் அடிக்கும் விசைப்பலகையும் கிடைக்கிறது. உங்கள் வாப்பா, உம்மா, பெரியம்மா யாராவது எழுதத் தெரியாமல் குழுவில் சும்மா இருந்தால், எங்களில் எந்த ஆசிரியரிடமும் அந்தப் போனைக் கொடுத்தனுப்புங்கள். அஸருக்குப் பிறகு என்றால் வசதி. ஐந்து நிமிட வேலை, இன்ஷா அல்லாஹ். பாஸ்வேர்டை மட்டும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுக்காமல் பிள்ளையிடமே சொல்லி அனுப்புங்கள்.