‘பிட்’டின் வரலாறு: சில குறிப்புகள்

காப்பி அடிப்பதற்குத் தமிழில் சொல் இல்லை. ‘பார்த்தெழுதுதல்’ என்று செய்தித்தாள்கள் எழுதிப் பார்க்கின்றன. எந்தப் பள்ளிக்கூடத்திலும் எந்தப் பையனும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘பிட்டு வச்சிருந்தான், மாட்டிக்கிட்டான்’, அவ்வளவுதான். இதைத் தமிழின் வறுமை என்று நான் நினைக்கவில்லை. காரியமே நமக்குப் புதிது. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுவது நம் மரபில் கௌரவமான உழைப்பு. அப்படிப் பார்த்து எழுதிய முகம் தெரியாத ஆட்கள் இல்லாவிட்டால் சங்க நூல்கள் நமக்குக் கிடைத்திருக்காது. பார்த்து எழுதுவது எந்தக் கட்டத்தில், யாருடைய தேவைக்காகக் குற்றமாக மாறியது என்பதுதான் கேள்வி. ‘மாணவர்களிடம் நேர்மை குறைந்துவிட்டது’ என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் புலம்புகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்பதில்லை.

திண்ணைப் பள்ளியில் பிட்டுக்கு இடம் இருந்ததில்லை. அங்கே எல்லாப் பிள்ளைகளும் யோக்கியர்கள் என்பதால் அல்ல. எண்சுவடியையோ ஆத்திசூடியையோ வாயால் ஒப்புவிக்கவேண்டும். தடுமாறினால் சட்டாம்பிள்ளையின் பிரம்பு. அறிவு உடம்போடு ஒட்டிக்கிடந்தது, அடியும் உடம்பின்மீதே விழுந்தது. (இந்தச் சட்டாம்பிள்ளை முறையைத்தான் எழும்பூர் ராணுவ அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் 1797-இல் லண்டனில் புத்தகமாக அச்சிட்டு, ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நம்மிடமிருந்து போனது பிரம்பு, நமக்கு வந்தது விடைத்தாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.) திண்ணைப் பள்ளியைப் பொற்காலமாக்கும் நோக்கம் எனக்கில்லை. அந்தத் திண்ணையில் ஏறவே முடியாத சாதிகளின் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை மறந்துவிட்டு அதைப் பாராட்டுவது அசிங்கம். நான் சொல்லவருவது வேறு. அறிவு ஆளைவிட்டுப் பிரிந்து, ஒரு காகிதத்தில் ஏறி, முன்பின் தெரியாத ஒருவர் கையில் போய் மதிப்பெண்ணாகத் திரும்பும்போதுதான் காப்பி சாத்தியமாகிறது. ஆளில்லாத விடைத்தாள் பிறந்த அன்றே பிட்டும் பிறந்துவிட்டது.

இதைச் சீனர்கள் நமக்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். அரசு அதிகாரிகளைத் தேர்வு வைத்து எடுத்த அந்த நாட்டில், சோங் மரபினர் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டும் வழக்கம் வந்தது. நம் ‘டம்மி நம்பர்’ அதன் பேரப்பிள்ளை. பெயரை மறைத்தாலும் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்களே என்று, அடுத்த கட்டமாக எழுத்தர்களை உட்காரவைத்து எல்லா விடைகளையும் மறுபடி எழுதவைத்தார்கள். பிற்காலத்தில் மாணவன் எழுதியது கறுப்பு மையில், எழுத்தர் படியெடுத்தது சிவப்பு மையில். திருத்துபவர் கண்ணில் படுவது சிவப்பு மட்டும். காப்பியைத் தடுக்க அரசாங்கமே லட்சக்கணக்கான தாள்களைக் காப்பி எடுத்தது! அப்படியும் நின்றதா? பொடி எழுத்தில் செவ்வியல் நூல்களையும் மாதிரிக் கட்டுரைகளையும் நிரப்பிய உள்சட்டைகளைப் போட்டுக்கொண்டு போனார்கள். அப்படி ஒன்று அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 1858-இல் பெய்ஜிங்கில் நடந்த தேர்வில் ஊழல் வெளிப்பட்டு, தலைமைத் தேர்வாளராக இருந்த பெரிய மந்திரி போ ஜுன் மறுவருஷம் தலை வெட்டப்பட்டார். அத்தனைக்குப் பிறகும் ஓய்ந்தபாடில்லை. 1905-இல் தேர்வு முறையையே ஒழித்தார்கள்.

அதே 1850-களில்தான் அந்தச் சரக்கு நமக்கு இறக்குமதியானது. 1855-இல் இந்திய சிவில் சர்வீசுக்கு லண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. சீனத்திலிருந்து இரவல் வாங்கிய யோசனை இது என்கிற பேச்சு இங்கிலாந்தில் அப்போதே அடிபட்டது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம். இந்தப் பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. பல்கலைக்கழகத்தின் வேலை தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும். சொல்லித்தராமலே சோதிக்கும் ஒரு நிறுவனம் நம் நவீனக் கல்வியின் வாசற்படியாக அமைந்தது தற்செயல் அல்ல. காலனி அரசுக்குத் தேவைப்பட்டது குமாஸ்தாக்களைச் சலித்தெடுக்கும் சல்லடை. மெட்ரிகுலேஷன் தேறியவன் சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப்போடலாம். தேறாதவன்கூட ‘பி.ஏ. ஃபெயில்’ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டான். சல்லடை இருக்கும் இடத்தில் குறுக்கு வழியும் கடை விரிக்கும்: கீ, நோட்ஸ், கைடு, டுடோரியல். 1904-இல் பல்கலைக்கழகச் சட்டம் கொண்டுவந்த கர்சன் இந்திய மாணவர்களின் மனப்பாடத்தைச் சாடினார். மனப்பாடத்தை விளைவித்த நிலம் யாருடையது என்று அவரிடம் கேட்க அப்போது ஆள் இல்லை.

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லத்தான் வேண்டும். கும்பகோணத்தில் பள்ளிப் பையனாக இருந்த ராமானுஜன் கையில் 1903 வாக்கில் கிடைத்த கணிதப் புத்தகம் கார் என்பவருடையது. கார் லண்டனில் டியூஷன் எடுத்தவர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வுக்குத் தயார் செய்கிறவர்களுக்காகத் தேற்றங்களை வரிசைபோட்டுத் தொகுத்தது அது. நம் பாஷையில் சொன்னால் ஒரு கைடு. அந்தக் கைடிலிருந்து ராமானுஜன் புறப்பட்டுப் போன தூரம் உலகத்துக்குத் தெரியும். அதே ஆள் எஃப்.ஏ. தேர்வில் 1906-இலும் 1907-இலும் ஃபெயில். கணக்கில் தேறி மற்றப் பாடங்களில் விழுந்தார். யாரையும் பார்த்து எழுதவில்லை, நேர்மையாகத் தோற்றார். சல்லடை அவரைக் கீழே தள்ளிவிட்டது.

தேர்வு என்பது கண்காணிப்பும் தீர்ப்பும் ஒன்றுசேரும் சடங்கு என்று 1975-இல் ஃபூக்கோ எழுதினார். ஹால் சூப்பர்வைசராக இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்கிற முறையில் எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம் இல்லை. பறக்கும் படை வருகிறது என்றால் பையன்களைவிட எங்களுக்குத்தான் வயிறு கலங்கும். சட்டைப் பையில் துழாவு, பெல்ட்டைக் கழற்று, செருப்பை வெளியே விடு. ஒரு அறையில் இருபது பிள்ளைகள், இருபது பேரும் சந்தேகத்துக்குரியவர்கள். நேர்மையை எதிர்பார்த்து அமைத்த அறை அல்ல அது. அவநம்பிக்கையே அதன் கட்டடக்கலை. இவ்வளவு அவநம்பிக்கையைக் காட்டிவிட்டுப் பிறகு நேர்மையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது எப்படி என்று எனக்கு விளங்கியதில்லை.

அவநம்பிக்கை சட்டமாகவே ஆனால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் சாட்சி. 1992-இல் கல்யாண் சிங் அரசு, ராஜ்நாத் சிங் கல்வி மந்திரியாக இருந்தபோது, தேர்வில் காப்பி அடிப்பதை ஜாமீனில் வரமுடியாத குற்றமாக்கியது. போலீஸ் தேர்வு மையத்துக்குள் நுழைந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த வருஷம் பத்தாம் வகுப்பில் தேறியவர்கள் 14.70 சதவீதம். முந்தின வருஷம் தேறியவர்களில் பாதிக்குமேல் போலி, உண்மை இப்போதுதான் வெளியே வந்தது என்று ஒழுக்கவாதிகள் குதூகலித்தார்கள். அந்த எண்ணை நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். பரீட்சை எழுதிய நூறு பேரில் எண்பத்தைந்து பேருக்குப் பள்ளிக்கூடம் எதையும் சொல்லித்தரவில்லை என்பதற்கு அரசாங்கமே கொடுத்த வாக்குமூலம் அது. விலங்கு யார் கைக்குப் போயிருக்கவேண்டும்? முலாயம் சிங் 1993 தேர்தலில் அந்தச் சட்டத்தை நீக்குவதாக வாக்குறுதி தந்து, ஜெயித்ததும் நீக்கினார். சட்டம் போனது, பழையபடி காப்பி வந்தது. இரண்டு அரசுகளும் வகுப்பறைப் பக்கம் போகவில்லை.

இதை வைத்துக்கொண்டு நண்பர்கள் சிலர், பிட் என்பது விளிம்புநிலை மாணவனின் எதிர்ப்பு வடிவம், அதிகாரத்தின் மீதான கேலி என்றெல்லாம் பேசுகிறார்கள். டீக்கடையில் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. உத்தரப் பிரதேசத்தில் காப்பி ஒரு காண்ட்ராக்ட். பள்ளிக்கூடத்தைச் சொந்தமாக வைத்திருப்பவர், மையத்தைத் தனக்கு ஒதுக்கவைப்பவர், தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர், இவர்கள்தான் அதன் முதலாளிகள். காசு கொடுக்க வழியில்லாத பிள்ளைக்குப் பிட்டும் கிடையாது. 2015-இல் பிகாரின் வைசாலி மாவட்டத்தில் உறவினர்கள் சுவரேறி ஜன்னல் வழியே துண்டுச்சீட்டு கொடுத்த போட்டோவை நாடே பார்த்துச் சிரித்தது. சுவரேற அப்பனோ அண்ணனோ இல்லாத ஒரு பெண் அந்தக் கட்டடத்துக்குள் தெரிந்ததை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள். நம் கோட்பாட்டில் அவளுக்கு எங்கே இடம்?

தமிழ்நாட்டில் நிலைமை அவ்வளவு பச்சையாக இல்லை. இங்கே திருட்டு நாகரிகமானது. 1978-இல் பிளஸ் டூ வந்தது. பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான் சாவி என்றானதும், பெயர்பெற்ற தனியார் விடுதிப் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. ஒரு வருஷப் பாடம் முழுக்கக் காணாமல் போனது. ரிசல்ட் வந்ததும் பிள்ளைகளின் படத்தோடு பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ். அரசுப் பள்ளியில் இரண்டு வருஷப் பாடத்தையும் படித்தவன் கட்-ஆஃபில் கால் மார்க்கில் சீட்டு இழந்தான். இதைக் காப்பி என்று யாரும் சொல்லவில்லை. எந்தப் பறக்கும் படையும் அந்த விடுதிகளுக்குப் பறக்கவில்லை. 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். மன அழுத்தம் என்று சொல்லி, 2025-இல் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது.

ஒழுங்கீனம் என்று எது எழுதப்படுகிறது என்பதற்கு இன்னொன்று. தான் எழுதிய விடைகள் எல்லாவற்றையும் தானே கோடு போட்டு அடித்துவிட்டு வருகிற மாணவர்கள் உண்டு. குறைந்த மார்க்கில் பாஸாகிவிட்டால் கதை முடிந்தது. ஃபெயிலானால் திரும்ப எழுதி நல்ல மார்க் வாங்கலாம் என்கிற கணக்கு. இதையும் ஒழுங்கீனமாகக் கருதி முடிவை நிறுத்திவைப்போம், அடுத்த தேர்வுகளை எழுதவிடமாட்டோம் என்று அரசுத் தேர்வுத் துறை எச்சரிக்கை விடுத்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை, எதையும் ஒளிக்கவில்லை. தன் பேனாவால், தன் தாளில், தான் எழுதியதை அடித்தான். அந்த எச்சரிக்கையையும் நாங்கள்தான் ஹாலில் நின்று வாசிக்கவேண்டும்.