மூணு மடங்கு நஷ்டஈடு: கரண்ட் கம்பெனிகள் மாட்டின கதை

இன்னைக்கு 1959ம் வருஷத்து அமெரிக்காவுக்குப் போறோம். அங்கே டென்னசி வேலி அத்தாரிட்டின்னு ஒரு அரசு நிறுவனம், சுருக்கமா டி.வி.ஏ. அணையும் அனல் மின் நிலையமும் கட்டி, ஏழு மாநிலங்களின் பகுதிகளுக்கு கரண்ட் கொடுக்கிற பெரிய அமைப்பு. சாமான் வாங்கணும்னா டெண்டர் விடுவாங்க. கம்பெனிகள் விலையை எழுதி, கவரை ஒட்டி அனுப்பணும். ஒருத்தர் போட்ட விலை இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது.

கண்டக்டர் கேபிளுக்கு வந்த கவர்களைப் பிரிச்சா, ஏழு கம்பெனிகள் ஒரே விலையைப் போட்டிருக்கு. 1,98,438 டாலர், 24 சென்ட். டாலர் கணக்கு பொருந்துறதை விடுங்க, அந்த 24 சென்ட் எப்படிங்க ஏழு பேருக்கும் பொருந்தும்?

அதே வருஷம் ஒரு பெரிய டர்பைன் ஜெனரேட்டருக்கு ஜெனரல் எலக்ட்ரிக்கும் வெஸ்டிங்ஹவுஸும் 1.75 கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள். பார்சன்ஸ் என்கிற பிரிட்டிஷ் கம்பெனி சுமார் 1.21 கோடிக்கே தரேன்னு வந்தது. ஆர்டர் பார்சன்ஸுக்குப் போனது. ஒரே மாதிரி விலைகள் வருகிற விஷயம் டென்னசியின் நாக்ஸ்வில் நகரப் பத்திரிகையில் வெளியானது. பிலடெல்பியாவில் அரசாங்கம் விசாரணையைத் தொடங்கியது.

வெளியே வந்த கதை துப்பறியும் நாவலுக்குக் குறைச்சல் இல்லை. பெரிய அதிகாரிகள் ஹோட்டலில் ரூம் போடும்போது எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டார்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் பட்டியலுக்குப் பெயர் 'கிறிஸ்துமஸ் கார்டு லிஸ்ட்'. கூட்டத்துக்குப் பெயர் 'பாட்டுப் பயிற்சி', அதாவது சர்ச் பாடகர் குழு ரிகர்சல் மாதிரி. கம்பெனிகளுக்கு நம்பர்: ஜெனரல் எலக்ட்ரிக் 1, வெஸ்டிங்ஹவுஸ் 2, அல்லிஸ்-சால்மர்ஸ் 3. மின் நிலையங்களுக்கான ஸ்விட்ச்கியரில் இந்த முறை யார் குறைந்த விலை போட்டு ஆர்டரை எடுக்கணும் என்பதற்கு ஒரு சுழற்சி அட்டவணையே இருந்தது. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை முறை மாறும். அதை 'நிலாவின் பிறை' என்றார்கள். நம்ம ஊர் சீட்டு மாதிரி, எல்லாருக்கும் ஒரு தடவை வரும்.

1961 பிப்ரவரியில் நீதிபதி கேனி தண்டனை கொடுத்தார். ஏழு அதிகாரிகளுக்கு 30 நாள் ஜெயில். கோட் சூட் போட்ட ஆட்கள் விலை பேசி வைத்ததற்காக ஜெயிலுக்குப் போனது அன்னைக்குப் பெரிய அதிர்ச்சி. கம்பெனிகள், அதிகாரிகள் எல்லாருக்கும் சேர்த்து அபராதம் 19,24,500 டாலர். அதில் ஜெனரல் எலக்ட்ரிக் பங்கு 4,37,500. முந்தின வருஷம் அந்தக் கம்பெனியின் விற்பனை சுமார் 420 கோடி டாலர். வகுத்துப் பாருங்க, ஒரு மணி நேர விற்பனை கூட வராது.

அப்போ தப்பிச்சிட்டாங்களா? இல்லை. அவங்க பயந்தது அபராதத்துக்கு இல்லை, அதுக்கு அடுத்து வரப்போறதுக்கு.

கொஞ்சம் பின்னாடி போகணும். 1890ல் வந்த ஷெர்மன் சட்டம்தான் அமெரிக்காவின் முதல் மத்திய ஏகபோகத் தடுப்புச் சட்டம். அதில் ஒரு பிரிவு: இந்தச் சட்டத்தை மீறியதால் யாருக்கு நஷ்டமோ அவரே கோர்ட்டுக்குப் போகலாம், ஜெயிச்சால் நஷ்டத்தைப் போல மூணு மடங்கு வாங்கலாம், வக்கீல் செலவும் தனி. மூணு மடங்கு என்பது புது யோசனையும் இல்லை, 1624ல் இங்கிலாந்து போட்ட ஏகபோகச் சட்டத்திலேயே இருக்கிறது. அரசாங்கம் தூங்கினாலும் பணம் போனவன் தூங்க மாட்டான், அதுதான் கணக்கு.

ஆனா ரொம்ப காலம் அந்தப் பிரிவைப் பெரிதாக யாரும் பயன்படுத்தவில்லை. ஆரம்ப காலத்தில் பேர் வாங்கின வெற்றி ஒண்ணு உண்டு, அது ஏகபோகக் கம்பெனிக்கு எதிரானது இல்லை, தொழிலாளர்களுக்கு எதிரானது! கனெக்டிகட்டின் டான்பரி ஊர்த் தொப்பித் தொழிலாளர் சங்கம் ஒரு முதலாளியின் தொப்பிகளைப் புறக்கணிக்கச் சொன்னது. அவர் இந்தப் பிரிவில் வழக்குப் போட்டார். 1908ல் சுப்ரீம் கோர்ட், சட்டம் சங்கத்துக்கும் பொருந்தும் என்றது. சாதாரணத் தொழிலாளிகளின் வீடுகள் முடக்கப்பட்டன. கத்தி யார் கைக்குப் போகும்னு எழுதினவங்களுக்கே தெரியாது போல.

1914ல் கிளேட்டன் சட்டம் வந்தது. அரசாங்கம் ஜெயித்த வழக்கின் தீர்ப்பைப் பின்னால் வழக்குப் போடும் தனியார் முதல்நிலை ஆதாரமாகக் காட்டலாம் என்றது. குற்றத்தை மறுபடி முதலிலிருந்து நிரூபிக்கிற பாரத்தில் பெரும்பகுதி குறைஞ்சுது.

இப்போ கேனி கோர்ட்டுக்குத் திரும்புவோம். கம்பெனிகள் 'குற்றத்தை எதிர்த்து வாதாடவில்லை' என்று சொல்லி முடிக்கப் பார்த்தன. அந்த வாக்குமூலத்தைத் தனியார் வழக்கில் காட்ட முடியாது. அரசுத் தரப்பு எதிர்த்தது. கேனியும் முக்கியமான குற்றச்சாட்டுகளில் அதை ஏற்கவில்லை. வேறு வழியில்லாமல் 'குற்றவாளி' என்றே ஒப்புக்கொண்டார்கள். இந்த மொத்தக் கதையும் திரும்பின இடம் அந்த ஒரு வார்த்தைதான்னு நான் நினைக்கிறேன். ஜெயில் தண்டனை தலைப்புச் செய்தி ஆச்சு, பணத்தைக் கறந்தது இந்த ஒப்புதல்.

வழக்குகள் கொட்டின. மின்சார நிறுவனங்கள், நகராட்சிகள் என்று 1,900க்கும் மேல். ஒரே சாட்சிகளை ஊர் ஊராக இழுத்தால் நாடே ஸ்தம்பிக்கும். 1962ல் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் காலத்தில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட குழு அமைத்து, ஒரு சாட்சியை ஒரே தடவை விசாரித்து எல்லா வழக்குக்கும் அதையே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு செய்தார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் 1968ல், பல ஊர் வழக்குகளை முன்விசாரணைக்கு ஒரே நீதிபதியிடம் சேர்க்கும் சட்டம் வந்தது. இன்னைக்கு மருந்துக் கம்பெனிகள் மேல் அங்கே ஆயிரக்கணக்கில் வழக்கு சேர்வது அந்த வழியில்தான்.

கம்பெனிகளுக்கு இன்னொரு நம்பிக்கை இருந்தது: காலக்கெடு நாலு வருஷம், பழைய கொள்முதல் எல்லாம் தப்பிச்சிடும். கோர்ட் என்ன சொன்னதுன்னா, நீங்க மறைச்சு வெச்ச காலத்துக்குக் கெடு ஓடாது. கிறிஸ்துமஸ் கார்டு லிஸ்ட், நம்பர், ஹோட்டல் ரூம்னு பார்த்துப் பார்த்து மறைச்சதே அவங்க கடனைப் பல வருஷம் பின்னுக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு.

1964ல் பிலடெல்பியா எலக்ட்ரிக் வழக்கில் ஜூரி நிர்ணயித்த நஷ்டம் சுமார் 96 லட்சம் டாலர். மூணு மடங்கானதும் 2.88 கோடி. அதைப் பார்த்த பிறகு யாருக்கு வாதாடத் தைரியம் வரும்? பெரும்பாலானவை சமரசத்தில் முடிந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. அபராதத்தைப் போல 200 மடங்குக்கு மேல்.

கைதட்ட வேண்டாம், கொஞ்சம் இருங்க. அதே 1964ல் வருமான வரித்துறை ஒரு விளக்கம் கொடுத்தது: இந்த மூணு மடங்கு நஷ்டஈட்டை வியாபாரச் செலவாகக் கழிச்சுக்கலாம். கம்பெனி வரி அப்போ பாதிக்குப் பாதி. அதாவது பில்லில் ஏறக்குறைய பாதியை அரசாங்க கஜானா ஏத்துக்கிட்டது. 1969ல்தான், குற்றவழக்கில் தண்டனை பெற்றவர்கள் மூணில் ரெண்டு பங்கைக் கழிக்க முடியாது என்று மாத்தினார்கள்.

இன்னொரு கேள்வி ரொம்ப நாள் தொங்கியது. மின் நிறுவனம் அதிக விலைக்கு டர்பைன் வாங்கினால், அந்தச் செலவை யார் தலையில் கட்டும்? வீட்டுக் கரண்ட் பில்லில்தானே. பிரதிவாதிகளும் இதையே பிடித்துக்கொண்டார்கள்: 'நஷ்டம் இவங்களுக்கு இல்லையே, வாடிக்கையாளருக்குத்தானே.' 1968ல் ஒரு ஷூ கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த வாதத்தைப் பொதுவாக ஏற்க முடியாது என்றது. நேரடியாக வாங்கியவருக்கே முழு நஷ்டஈடு. சரி, அப்போ கடைசியில் பணம் கொடுத்தவர்? 1977ல் கான்கிரீட் பிளாக் விலை பற்றிய இல்லினாய் வழக்கில், நேரடியாக வாங்காதவர் மத்திய சட்டத்தில் நஷ்டஈடு கேட்க முடியாது என்று தீர்ப்பு. யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கப் போனால் வழக்கே முடியாது, ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு தடவை பணம் கொடுக்க வேண்டி வரும் என்பது காரணம். நியாயமான கவலைதான். ஆனா வசதியான நியாயம்.

பல மாநிலங்கள் இதை ஏற்காமல், கடைசி வாடிக்கையாளரும் வழக்குப் போடலாம் என்று தங்கள் சட்டங்களில் இடம் கொடுத்தன. மத்திய சட்டம் மட்டும் அசையவில்லை. 1990ல் கேன்சஸ் மாநிலத்தின் எரிவாயு வழக்கு வந்தது. நிறுவனம் கூடுதல் விலை முழுவதையும் அப்படியே வீட்டு பில்லில் ஏற்றியிருந்தாலும், வழக்குப் போடும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஐந்து நீதிபதிகள் அந்தப் பக்கம், நாலு பேர் பில் கட்டினவர் பக்கம்.