கணக்கு வாத்திமார் போன வழி

ஒக்லாந்துத் துறைமுகப் பாலம் 1959இல் திறக்கப்பட்டபோது வடகரையிலுள்ள கிளென்ஃபீல்ட் பெரும்பாலும் பண்ணைகளும் பழத்தோட்டங்களுமாகவே இருந்தது. பாலத்தைத் தொடர்ந்து வீடுகள் வந்தன. வீடுகளைத் தொடர்ந்து பிள்ளைகள். 1969இல் கிளென்ஃபீல்ட் கல்லூரி தொடங்கிற்று. கட்டடம் எழுப்பிய வேகத்தில் அட்சரகணிதமும் பௌதிகமும் படிப்பிக்க ஆள் எடுப்பது இந்த நாட்டுக்கு அன்றும் இயலவில்லை, இன்றும் இயலவில்லை. ஒரு காலத்தில் பல்கலைக்கழக மாணவருக்குப் படிக்கும்போதே பணம் கொடுத்து, பட்டம் பெற்றதும் இத்தனை வருடம் கற்பிக்க வேண்டும் என்று பிணை எழுதி வாங்கினார்கள். அந்த முறை போனபின், தட்டுப்பாடு வரும்போதெல்லாம் வெளிநாடுகளில் ஆள் தேடுகிறார்கள்.

அந்த வெளிநாடுகளுக்குள் எமது ஊரும் அடங்கும். ஆசிரியரைத் தேடும் நாட்டின் கதையை எழுதப் பலர் இருக்கிறார்கள். ஆசிரியரை இழந்த ஊரின் கதையை நாம்தான் எழுதவேண்டும்.

அது வட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கு செமினரியை நிறுவினார்கள். கணிதமும் வானியலும் அங்கே முக்கிய பாடங்கள். படித்து முடித்த கெட்டிக்கார மாணவரையே துணை ஆசிரியராக வகுப்பில் நிறுத்தினார்கள். அப்படி உருவானவர்களில் ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை. அவர் தமிழில் எழுதிய பீசகணித நூல் 1855இல் அச்சாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான்.

அந்த 1855இலேயே செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படித்த மாணவர்கள் சபைப் பணிக்கு நிற்காமல் சம்பளம் கூடிய அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. உருவாக்கியவர்களைத் தக்கவைக்க வழி தெரியாமல், உருவாக்குவதையே நிறுத்தினார்கள். அதே வளவில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கும்வரை அந்த இடைவெளி நீடித்தது.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பிறகு விஞ்ஞானம் உயர்தர வகுப்புவரை தமிழிலேயே படிப்பிக்கப்பட்டது. தூய கணிதமும் பிரயோக கணிதமும் படிப்பித்த மாஸ்டரின் பெயரை ஊர் தாண்டியும் சொன்னார்கள். சம்பளம் சொற்பம்தான். மதிப்பும் காணியும் டியூட்டரி வருமானமும் அவரை ஊரில் நிறுத்தின. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. தான் படிப்பித்த பிள்ளை நல்ல புள்ளி எடுத்தும் பல்கலைக்கழக வாசலில் நிற்பதை ஆசிரியர் பார்த்தார். விலைவாசியும் ஏறிற்று.

அந்தக் காலத்தில்தான் நைஜீரியா அழைத்தது. 1973க்குப் பின் எண்ணெய்ப் பணம் பெருகிய அந்நாடு 1976இல் அனைவருக்கும் ஆரம்பக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. பெருகிய பாடசாலைகளுக்கு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆசிரியர்களை எடுத்தார்கள். எமது விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். சிலர் சாம்பியாவுக்குப் போனார்கள். 1980களின் நடுவில் எண்ணெய் விலை விழுந்து நைராவின் பெறுமதி இறங்கியபோது அவர்கள் திரும்புவதற்கு ஊர் பழைய ஊராக இல்லை. 1983 ஆடிக்குப் பின் பயணம் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று நீண்டது.

அவர்கள் விட்டுப்போன கரும்பலகையின் முன் யார் நின்றார்கள்? போர்க்காலத்தில் உயர்தரம் படித்த இளைஞரும் யுவதிகளும் தொண்டர் ஆசிரியராக வகுப்பெடுத்தார்கள். பலருக்குச் சம்பளமே இல்லை. சிலருக்கு ஒரு சிறு கொடுப்பனவு. 2009இல் போர் முடிந்தபின்னும் நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் தெருவில் இருக்கவேண்டி வந்தது. இன்றும் கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் யாழ். நகரத்தைவிட வன்னியின் உட்கிராமங்களையே கூடுதலாக வாட்டுகிறது. புதிய ஆசிரியர் நியமனம் பெற்று வருகிறார். தங்க விடுதியில்லை, நேரத்துக்கு பஸ் இல்லை. கஷ்டப் பிரதேச சேவைக் காலத்தை எண்ணி முடித்து இடமாற்றம் பெற்றுப் போகிறார். அவரைக் குறைசொல்லும் தகுதி எமக்கு இல்லை. நாம் அவரைவிடத் தூரம் போனவர்கள்.

நியூசிலாந்துக்கு வந்த எம்மவருக்கும் வழி நேராக இருக்கவில்லை. 1991இல் வந்த புள்ளி முறையில் பட்டமும் அனுபவமும் குடிவரவுக்குப் போதுமாயிருந்தன, வேலைக்குப் போதவில்லை. தகுதி மதிப்பீடு, ஆங்கிலச் சோதனை, ஆசிரியர் பதிவு என்று காத்திருந்து களைத்துச் சிலர் டாக்ஸி ஓட்டப் போனார்கள். ஆயினும் இங்குள்ள ஓர் ஏற்பாட்டை நாம் கவனிக்கவேண்டும். புதிய ஆசிரியர் முழுத் தகுதிச் சான்று பெற இரண்டு வருடம் மூத்த ஆசிரியர் ஒருவரின் வழிகாட்டலில் இருக்கவேண்டும். இதற்கென இடைநிலைப் பாடசாலைக்கு முதல் வருடம் ஒரு முழுநேர ஆசிரியரின் நேரத்தில் பத்தில் இரண்டு பங்கையும், இரண்டாம் வருடம் பத்தில் ஒரு பங்கையும் அரசு மேலதிகமாகத் தருகிறது. புதியவர் மற்றவரின் வகுப்பில் பின்வாங்கில் இருந்து பார்க்கிறார். மூத்தவர் இவருடைய வகுப்புக்கு வருகிறார். வட்டுக்கோட்டையில் மூத்தவரின் நிழலில் துணை ஆசிரியர் தொழில் பழகியதும் இதுதானே. இலங்கையின் தேசிய கல்வியியற் கல்லூரிகளிலும் மூன்றாம் வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி உண்டு. ஆனால் பயிற்சி முடிந்து, வேறு கணித ஆசிரியரே இல்லாத பாடசாலைக்குப் போகிறவருக்கு அருகில் இருந்து சொல்ல யார் இருக்கிறார்கள்?

புலம்பெயர்ந்த நாடுகளில் எமது பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் இராப்போசன விருந்து வைத்துக் காசு சேர்க்கின்றன. அந்தக் காசில் ஊரில் மண்டபமும் நுழைவாயிலும் எழும்புகின்றன. ஆய்வுகூடமும் எழும்புகிறது; ஆசிரியர் இல்லாவிட்டால் அது பூட்டிக் கிடக்கும். பெயர்ப் பலகை வைக்க இடமில்லாத செலவுகளுக்கும் நாம் கை நீட்டவேண்டும். வன்னியில் நியமனம் பெறும் கணித ஆசிரியைக்கு ஓர் அறை வாடகை, கிணற்றோடு ஒரு விடுதி, மாதப் போக்குவரத்துச் செலவு: இவை ஒரு நுழைவாயிலைவிட மலிவானவை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். இங்கே குளிர்காலத்தில் இரவு எட்டு மணி என்றால் அங்கே பிற்பகல் ஒன்றரை, பாடசாலை விடும் நேரம். வாரத்தில் ஒரு நாள் அந்த நேரத்தில் அந்த ஆசிரியையோடு திரையில் பேசி, அடுத்த கிழமைப் பாடத்தைச் சேர்ந்து ஆயத்தம் செய்ய ஒருவர் முன்வந்தாற்கூட அவர் தனித்துப் போகமாட்டார்.