துண்டும் தொண்டும்

தோளில் கிடக்கும் துண்டு 'தொண்டு' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாக ஒரு விளக்கம் மேடைதோறும் உலவுகிறது. தொண்டு செய்கிறவன் போடுவது துண்டாம். சங்கரன்கோவில் பக்கத்துக் கூட்டம் ஒன்றில் இதைச் சொன்னவர் அதோடு நிற்கவில்லை. பெரியவரைக் கண்டதும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவது, வெள்ளைக்காரர் தொப்பியைத் தூக்குவதற்கு நேரான தமிழ் மரியாதை என்றார். கைதட்டலும் கிடைத்தது. முதலாவது சொல்லறியாப் பிழை. இரண்டாவது ஊரறியாப் பிழை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உகரம் ஒகரமாவதை அன்றாடம் கேட்கிறோம்: உலக்கை ஒலக்கையாகிறது, உடம்பு ஒடம்பாகிறது. தொண்டு எதிர்த்திசையில் திரும்பித் துண்டானதற்கு யாரும் சான்று காட்டவில்லை. வடமொழித் துண்டத்தைக் காட்டுவோரும் உண்டு. அங்கே அதற்கு அலகு, மூக்கு என்று பொருள். மூக்கிலிருந்து துணி வராது.

துணித்தல் என்றால் வெட்டுதல். துணித்ததால் துணி, துண்டித்ததால் துண்டு. மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகியவற்றிலும் இச்சொல் துணுக்கு என்ற பொருளோடு நிற்கிறது. ஆடைக்கு இப்படிப் பெயரிடுவது தமிழுக்குப் பழகிய வழி. அறுத்தது அறுவை, மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் சங்கப் புலவர். கூறிட்டது கூறை, மணப்பெண்ணுக்கு இன்றும் கூறைப்புடவைதான். சங்கரன்கோவில் தறிக்காரரைக் கேளுங்கள்: பாவில் ஓடிய நெசவை அளவாக அறுத்தால்தான் அது துண்டு. வரவுசெலவுத் திட்டத்தில் 'துண்டு விழுகிறது' என்று நாளிதழ் எழுதும்போதும் வெட்டுப்பட்ட குறைதான் பொருள். தொண்டிலிருந்து அந்தப் பொருளை எப்படி வருவிப்பார்கள்?

பக்கத்துச் சொற்களையும் பார்த்துவிடலாம். நாஞ்சில் நாட்டார் சொல்லும் துவர்த்து, ஈரம் துவர்த்துவதால் வந்தது. மலையாளத்துத் தோர்த்தும் அதுவே. இலங்கைத் தமிழரின் லேஞ்சி போர்த்துக்கீசியர் விட்டுச்சென்றது. உருமால் பாரசீகம்: ரூ என்றால் முகம், மால் என்றால் துடைப்பது. முகம் துடைக்க வந்த சொல், தாய்மாமன் மருமகன் தலையில் கட்டும் உருமாக்கட்டாக உயர்ந்துவிட்டது. தொப்பியோ இந்துஸ்தானி டோப்பி.

தொப்பிக்கு வருவோம். அன்றைய ஐரோப்பியத் தெருவில் ஒருவர் தொப்பியைத் தூக்கினால் எதிரே வருபவரும் தூக்குவார். இருவரும் மறுபடி அணிந்துகொண்டு நடப்பார்கள். அங்கும் வேலைக்காரர் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றது உண்டு என்றாலும், பதில் வணக்கம் என்ற ஒன்று அந்த முறையில் இருந்தது. நம் ஊரில் துண்டு ஒரே திசையில்தான் இறங்கியது: தலையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கக்கத்துக்கு, கக்கத்திலிருந்து இடுப்புக்கு. இறக்கியவர் சாதியில் தாழ்த்தப்பட்டவர். எதிரே திண்ணையில் இருந்தவர் தன் துண்டைத் தொட்டதுகூட இல்லை. பதில் இல்லாத ஒன்றை மரியாதை என்பது சொல்லுக்கும் அநியாயம், அதைச் சுமந்தவர்களுக்கும் அநியாயம்.

நாதசுரக் கலைஞர்களைக் கேட்டால் தெரியும். ஊர்வலத்தின் முன்னே இசையைப் பொழிந்துகொண்டு நடக்கும் மேதை, தோளில் துண்டு போடக்கூடாது என்றிருந்தது. இடுப்பில்தான் கட்ட வேண்டியிருந்தது. செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில் நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்தார். எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவேண்டாம் என்று குறுக்கே நின்றவர் சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி. சுயமரியாதைக்காரர்கள் துண்டை விடாப்பிடியாகத் தோளில் போட்டதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தொண்டுக்குப் போட்ட துண்டு அல்ல அது, தொண்டூழியத்தை மறுத்துப் போட்டது.

கோயில் வழக்கம் வேறு என்பார்கள். உண்மைதான். சங்கரன்கோவிலில், சிவன் பாதியும் திருமால் பாதியுமான சங்கரநாராயணர் சந்நிதியில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறோம். பாதி சடைமுடியும் பாதி மணிமுடியுமாக நிற்கும் அந்தத் தலையின் முன்னே பண்ணையாரும் துண்டை இறக்குவார், பண்ணையாளும் இறக்குவார். அங்கே அது பணிவு. அதே கோயில் மரபில், சாமிக்குச் சாத்திய துணியைப் பரிவட்டமாகத் தலையில் கட்டுவது மனிதருக்குச் செய்யும் மரியாதை. சோழர் கல்வெட்டுகளில் அது திருப்பரிசட்டம்.  சாமி முன்னே எல்லோரும் செய்ததைத் தன் முன்னே சிலர் மட்டும் செய்யவேண்டும் என்று திண்ணைக்காரர் பறித்துக்கொண்டார் என்றே நான் கொள்கிறேன்.

புறநானூற்றின் 189ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். உலகாளும் வேந்தனுக்கும், இரவு பகல் உறங்காமல் விலங்கின் பின்னே அலையும் கல்லாத வேட்டுவனுக்கும் உணவு ஒரே நாழி, உடை இரண்டே என்று மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் எண்ணிச் சொல்கிறார். ஒன்று அரையில் உடுப்பது. மற்றொன்று மேலே கிடப்பது. அந்த இரண்டாவதன் இன்றைய பெயர்தான் துண்டு. அதை ஒருவன் தோளிலிருந்து இறக்கச் சொன்னவர்கள் வேந்தனுக்கும் வேட்டுவனுக்கும் பொதுவாக நக்கீரர் வைத்த கணக்கில் ஒன்றைத் திருடியவர்கள் என்பது என் துணிபு.