கூப்பிட்டதும் ஓடி வரும் நாய்க்குட்டி: பழக்குவது எப்படி?

தென்னந்தோப்பு, நிலக்கடலைக் கொல்லை, ஆட்டுப்பட்டி ஆகியவற்றின் காவலுக்கு நாய்க்குட்டி வாங்கி வளர்க்கும் விவசாயிகள் நம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் நிறைய பேர் இருக்கிறார்கள். நன்றாகக் குரைக்கிறதா, அந்நியரை உள்ளே விடாமல் தடுக்கிறதா என்று பார்க்கிறோம். கூப்பிட்டால் வருகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. நாயின் உயிரையும் நம் ஆட்டையும் காப்பாற்றுவது அந்தப் பழக்கம்தான்.

ஏன் அவசியம்?

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் செல்கின்றன. சாலையோர நிலத்தில் வளரும் குட்டி, எதிர்ப்பக்கம் இன்னொரு நாயைப் பார்த்ததும் ஓடிவிடும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திர வன எல்லையை ஒட்டிய கிராமங்களில் சிறுத்தை, யானை நடமாட்டம் உண்டு. யானையைச் சீண்டிவிட்டுத் திரும்பி ஓடிவரும் நாய், அதை நம் கொட்டகை வரை இழுத்துவந்துவிடும். பக்கத்துக் கொல்லை ஆட்டைத் துரத்திக் கடித்தால் ஊர்ப் பஞ்சாயத்து வரை போகும். இவை எல்லாவற்றிலும் முதல் தற்காப்பு, ஒரே குரலில் நாய் திரும்பி வருவதுதான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

தாயிடமிருந்து 8 வாரம் முடிந்த பிறகே குட்டியைப் பிரிக்க வேண்டும். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாளே பழக்கத் தொடங்கலாம். 3 முதல் 14 வாரம் வரையிலான காலத்தில் குட்டியின் மனதில் பதிவது எளிதில் அழியாது. ஆனால் தடுப்பூசிகள் முடியும் வரை பயிற்சி வீட்டு வாசலுக்குள்ளேயே இருக்கட்டும். தெருநாய்கள் நடமாடும் இடத்தில் விட்டால் பார்வோ எனும் ரத்தக்கழிச்சல் நோய் தொற்றும்.

முதலில் காதைச் சோதியுங்கள்

வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுவதுண்டு. குட்டி வேறு பக்கம் பார்த்திருக்கும்போது பின்னால் நின்று, காற்றோ நிழலோ அதன் மேல் படாமல், தட்டைக் கரண்டியால் தட்டுங்கள். மூன்று முறை வெவ்வேறு நேரத்தில் தட்டியும் திரும்பாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேளாத குட்டியையும் பழக்கலாம். பகலில் கையை உயர்த்திக் காட்டுவதும், இரவில் டார்ச் வெளிச்சத்தைத் தரையில் இரண்டு முறை அடிப்பதும் அதற்குக் கூப்பிடும் குரலாகும்.

சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். முயல் ஓடினால் அவற்றின் காதில் எதுவும் ஏறாது. இந்த இனக் குட்டிகளுக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் நாள் பயிற்சி தேவை.

பழக்கும் முறை

1. ஒரே சொல்: அப்பா 'வாடா' என்றும், அம்மா 'இங்க வா' என்றும், பிள்ளைகள் 'கம் கம்' என்றும் கூப்பிட்டால் குட்டி குழம்பும். 'வா' என்ற சொல்லை நாள் முழுவதும் மனிதர்களுக்கும் சொல்கிறோம். அதனால் அது குட்டிக்கு வெறும் சத்தமாகிவிடும். 'தோ தோ' போன்ற தனிச் சொல்லோ விசிலோ போதும். பெரிய தோப்பாக இருந்தால் விசிலே நல்லது. வீட்டில் எல்லோரும் அதையே பயன்படுத்த வேண்டும்.

2. கூப்பிட்டால் தீனி: பசியோடு இருக்கும் நேரத்தில், இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து சொல்லைச் சொல்லுங்கள். குட்டி வந்த அந்த நொடியே தீனி கொடுங்கள். ஐந்து நொடி கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. உப்புப் போடாமல் அவித்த ஈரல் அல்லது முட்டை, கடலைப் பருப்பு அளவுத் துண்டு போதும்.

3. தூரத்தைக் கூட்டுங்கள்: ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு ஐந்து முறை. பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை வந்த பிறகே பத்தடி, பிறகு அடுத்த அறை, பிறகு வாசல் என்று போங்கள்.

4. நீளக் கயிறு: வெளியில் பழக்கும்போது 20 முதல் 30 அடி இலேசான கயிறு கட்டுங்கள். கழுத்தில் கட்டுவதைவிட மார்பைச் சுற்றிய பட்டை நல்லது. கூப்பிட்டும் வராவிட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெதுவாகச் சுருட்டிக்கொண்டே பின்னோக்கி நடங்கள். வந்ததும் தீனி உண்டு.

5. கவனச் சிதறலோடு: ஆடு, கோழி, மற்ற நாய்கள் தொலைவில் இருக்கும்போது தொடங்கி, சிறிது சிறிதாக நெருங்குங்கள். இதிலும் தேறிய பிறகே கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை, நன்றாக வந்துகொண்டிருந்த நாயும் காது கொடுக்காமல் போகும். அது வளரும் வயதின் இயல்பு. மீண்டும் கயிற்றுக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரம் பழக்கினால் சரியாகிவிடும்.

செய்யக்கூடாத தவறுகள்

இதில் முதல் தவறை நானே செய்திருக்கிறேன். நான் வளர்த்த நாட்டு நாய்க்குட்டி ஒரு மாலை வெளியே ஓடிவிட்டது. அரை மணி நேரம் கூப்பிட்ட பிறகு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. வந்த கோபத்தில் ஓர் அடி போட்டேன். ஓடியதற்குத்தான் அடி என்று நான் நினைத்தேன். வந்ததற்கு அடி என்று அது புரிந்துகொண்டது. மறுநாள் முதல் கூப்பிட்டால் பத்தடி தள்ளியே நின்றது. அந்த ஓர் அடியைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்த நாயை அடிக்கவே கூடாது.

* கட்டிப் போடவும் குளிப்பாட்டவும் மட்டுமே கூப்பிடாதீர்கள். பெரும்பாலும் தீனி கொடுத்துத் திரும்ப விளையாட விட்டுவிடுங்கள்.
* ஓடும் குட்டியைத் துரத்தாதீர்கள். அதற்கு அது விளையாட்டு. நீங்கள் எதிர்த்திசையில் ஓடுங்கள், அது உங்கள் பின்னால் வரும்.
* வராது என்று தெரிந்த நேரத்தில் பத்து முறை கத்தாதீர்கள். சொல்லுக்கு மதிப்பு போய்விடும்.

தோல் துண்டு தீனி அல்ல

நம் பகுதியில் பழைய ஷூவையோ தோல் துண்டையோ குட்டிக்குக் கடிக்கப் போடும் வழக்கம் உண்டு. வேண்டாம். நீலம் பூத்த குரோம் தோல் குடலில் செரிக்காது, அடைத்துக்கொள்ளலாம். தோலிலிருந்து சுரண்டிய சதைக் கழிவில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் இருக்கும். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். குட்டி கழிவுக் குவியல் பக்கம் ஒருமுறை ருசி கண்டுவிட்டால், அந்த மணம் உங்கள் ஈரல் துண்டை வென்றுவிடும். எனவே தொழிற்சாலைக் கழிவு கொட்டும் இடங்களின் அருகே கயிறு இல்லாமல் விடாதீர்கள்.

பிரியாணி மிச்சமும் பயிற்சித் தீனி ஆகாது. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். சாக்லேட், திராட்சையும் நஞ்சு.

தடுப்பூசியை மறக்காதீர்கள்

குடற்புழு நீக்கம் மூன்று மாதம் வரை 15 நாளுக்கு ஒருமுறை. பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடக்கம். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி நடக்கும் முகாம்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பயிற்சியின்போது குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தாலும், தெருநாய் கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

ஒரு வேளைக்கு மூன்று நிமிடம் வீதம் மூன்று மாதம் ஒதுக்கினால் போதும். பால் கறக்கும் முன்பும், தண்ணீர் பாய்ச்சிவிட்டு வரப்பில் உட்காரும்போதும் பழக்கலாம். குட்டியின் உடல்நலம் குறித்த சந்தேகங்களுக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகுங்கள்.