கொர்தோவாவின் தூண்களும் பேராலயமும்

ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியிலே, குவாடல்கிவீர் நதிக்கரையிலுள்ள கொர்தோவா நகருக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணி, தோடை மரங்கள் நிழல் செய்யும் முற்றத்தைக் கடந்து பேராலயத்தினுள் நுழைகின்றான். அவன் எதிர்பார்த்த பலிபீடம் கண்ணிற்படுவதில்லை. எத்திசை நோக்கினும் தூண்களே. 850க்கு மேற்பட்ட தூண்கள்.

டமஸ்கஸில் தம் குலத்தார் ஆட்சியிழந்து மடிந்தபின் தப்பி வந்த அமீர் முதலாம் அப்துர் ரஹ்மான், 785ஆம் ஆண்டளவில் இதனைப் பள்ளிவாசலாகக் கட்டத் தொடங்கினார். பழைய கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த தூண்கள் உயரம் போதாதவை, ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. அவற்றின்மேல் கூரையை நேரே வைத்தால் மண்டபம் தாழ்ந்து இருண்டுவிடும். ஆகவே ஒரு வளைவின்மேல் மற்றுமொரு வளைவை, செங்கல்லும் வெளிறிய கல்லும் மாறிமாறி வர எழுப்பினர். குறை தீர்க்கச் செய்த உபாயமே பேரழகாயிற்று.

997ஆம் ஆண்டிலே தளபதி அல்மன்சூர், வடமேற்கிலுள்ள சந்தியாகோ தேவாலயத்தின் மணிகளைக் கவர்ந்து, சிறைப்பட்ட கிறிஸ்தவர்களின் தோள்களில் ஏற்றி இங்கு கொணர்ந்தார். அவை பள்ளிவாசலில் விளக்குகளாயின என்பர். 1236இல் மூன்றாம் பெர்டினாந்து மன்னர் நகரைக் கைப்பற்றியதும், அதே மணிகள் முஸ்லிம் கைதிகளின் தோள்களில் திரும்பிச் சென்றனவாம். பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. ஆயினும் சிற்சில மாற்றங்களோடு, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் பழைய தூண்களிடையேதான் பூசை நடந்தது.

1523இல் மேற்றிராணியார் அலொன்சோ மன்றிக்கே, கட்டடத்தின் நடுப்பகுதியை இடித்துப் பெரியதோர் ஆலயம் எழுப்பத் துணிந்தார். தடுத்தது யார்? முஸ்லிம்கள் அல்லர், அந்நகரின் கிறிஸ்தவ நகரசபையே தடுத்தது. இடிக்கப்படுவதை இத்துணைச் சிறப்போடு மீண்டும் கட்ட இயலாது என்று வாதித்த அச்சபை, வேலையிற் கைவைக்கும் கொத்தர்க்கு மரணதண்டனை என்றும் அறிவித்தது. வழக்கு சக்கரவர்த்தி ஐந்தாம் சார்ல்ஸிடம் சென்றது; அவர் திருச்சபையின் பக்கமே தீர்த்தார். பின்னர் நேரிற் கண்டு, எங்கும் இல்லாததை அழித்து எங்கும் உள்ளதைக் கட்டிவிட்டீர்களே என்று வருந்தினார் எனப் பிற்காலத்தார் கூறுவர். அனுமதி அளித்தவரும் அவரே அன்றோ!

1607 அளவில் முடிவுற்ற அவ்வாலயத்தை அழகற்றதெனல் நேர்மையன்று. வெண்மையான உயர்ந்த விதானமும், 18ஆம் நூற்றாண்டில் பேத்ரோ தூக்கே கோர்னெஹோ செதுக்கிய மரவேலைப் பாடகர் இருக்கைகளும் எங்கிருந்தாலும் போற்றப்படுவன. இருக்குமிடம்தான் இடர். ஆனால், கிறிஸ்தவ வழிபாடு இங்கு நிலைபெற்றிராவிடில் ஏனைய தூண்களும் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே. மணிக்கோபுரத்தின் உள்ளும், மூன்றாம் அப்துர் ரஹ்மான் எழுப்பிய பாங்குக் கோபுரத்தின் பகுதி மறைந்து நிற்கின்றது.

1984இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. இங்கு தொழுவதற்கு ஸ்பானிய முஸ்லிம்கள் விடுத்த வேண்டுகோளைத் திருச்சபை ஏற்கவில்லை. இரண்டாம் ஹக்கம் கலீபா பொன்னிறச் சில்லுகளால் அலங்கரித்த மிஹ்ராபின் முன்னே கம்பித் தடுப்பு நிற்கின்றது. வருவோர் அதற்கு இப்பால் நின்று பார்க்கின்றனர்.