ஜேம்ஸ் பாண்ட் நீந்திய குகை... கடல் வற்றும்போது போனாதான் என்ட்ரி ஈஸி!

தூரத்திலிருந்து பார்த்தா, புதர் முளைச்ச சாதாரணப் பாறைத்தீவு. உள்ளே போனாதான் தெரியும், அது மொத்தமும் கூடு! பஹாமாஸ் நாட்டின் எக்ஸுமா தீவுக்கூட்டத்தில், ஸ்டேனியல் கே தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறது தண்டர்பால் குகை. ஷான் கானரி நடித்து 1965-ல் வெளியான ‘தண்டர்பால்’ படத்தின் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள். குகைக்குப் பெயரும் அப்படி வந்ததுதான்.

யாட்டில் எக்ஸுமாவைச் சுற்றுபவர்கள் பெரும்பாலும் பிக் மேஜர் தீவின் ஓரம் நங்கூரம் போடுவார்கள். இன்ஸ்டாவில் நீங்க பார்த்திருக்கும் நீந்தும் பன்றிகள் இங்கேதான். (செல்ஃபிக்கு ஓகே. ஆனா, சாப்பாடு கையில் இருந்தா கடிச்சு வைக்கும்!) அங்கிருந்து ‘டிங்கி’ எனும் சின்ன மோட்டார் படகில் கொஞ்ச நேரத்தில் குகைக்குப் போய்விடலாம். என்னைக் கேட்டா, பன்றிகளைவிட இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும்.

மழைநீர் காலங்காலமாகச் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்து உண்டாக்கிய குகை இது. கூரையில் அங்கங்கே ஓட்டைகள். அதன் வழியாக வெயில் தூண் தூணாகத் தண்ணிக்குள் இறங்கும். கீழே மஞ்சள், கறுப்புக் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக உங்களைச் சுற்றி வரும். படத்தில், உள்ளே மாட்டிக்கொண்ட பாண்டை ஹெலிகாப்டரில் தூக்குவது இந்தக் கூரை ஓட்டை வழியாகத்தான்.

நமக்கு ஹெலிகாப்டர் வராது. அதனால நேரம் முக்கியம். கடல் நன்றாக வற்றியிருக்கும்போது வாசல் தண்ணிக்கு மேலே தெரியும். தலையை வெளியே வெச்சபடியே நீந்தி உள்ளே போகலாம். கடல் ஏறிட்டா வாசல் மூழ்கிடும். மூச்சைப் பிடிச்சு முங்கித்தான் நுழையணும். அதைவிட ஆபத்து, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் உள்ள நேரம். குகைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் இருப்பதால் நீரோட்டம் ஊடுருவிப் பாயும். நல்லா நீந்தத் தெரிந்தவரையே இழுத்துட்டுப் போயிடும்.

கடல் ஏறி இறங்க ஏறக்குறைய ஆறு ஆறு மணி நேரம். நீரோட்டம் அடங்கி நிற்பது அதில் கொஞ்ச நேரம்தான். அந்த நேரமும் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ‘நேத்து 10 மணிக்குப் போனோம், சூப்பரா இருந்துச்சு’ என்று யாராவது சொன்னா, அதே 10 மணிக்குக் கிளம்பிடாதீங்க. அன்றைய நேரத்தை அட்டவணையில் பார்த்துட்டு, ஸ்டேனியல் கே ஆட்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மாஸ்க், ஸ்நார்க்கல், காலுக்கு ஃபின்ஸ் மூணும் அவசியம். பவளத்தின் மேல் நங்கூரம் வீசாம, டிங்கியை மிதவையில் கட்டுங்க. ஒருத்தர் படகிலேயே இருப்பது நல்லது.

யாட் இல்லையா? ஸ்டேனியல் கேயில் சின்ன விமான ஓடுதளம் இருக்கு. தலைநகர் நாசோவிலிருந்து ஒருநாள் டூரும் உண்டு. ஆனா, டூர் படகு எப்போ கிளம்பும்னு கேட்கிறதுக்கு முன்னாடி, குகைக்கு எத்தனை மணிக்குப் போய்ச்சேரும்னு கேளுங்க.